சோலார் கார் ஓடும் என்பதற்கு எந்த ஆதாரம் செல்லும்? ஐந்து வகைச் சான்றுகள், ஓர் ஒப்பீடு

சோலார் கார் பற்றிப் படிக்க உட்காரும் யாருக்கும் ஆதாரப் பஞ்சம் வராது. வருவது அதற்கு நேரெதிரான தலைவலி. ஒரு பக்கம், 3,000 கிலோமீட்டரை வெயிலை மட்டும் நம்பிக் கடந்த பந்தய வண்டி. இன்னொரு பக்கம், கூரையில் பேனல் வைத்த காரை வாங்கிவிட்டு, "ஒரு நாளைக்கு அஞ்சு கிலோமீட்டர்கூடத் தேறவில்லை" என்று அலுத்துக்கொள்பவர். நடுவில், "நாளுக்கு 70 கிலோமீட்டர் வரை" என்கிற விளம்பரத் தாள். மூன்றுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல்.

அறிவியல் கட்டுரை எழுதும் மாணவர்களும், அடுத்த வண்டியில் பேனல் வேண்டுமா என்று யோசிப்பவர்களும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: இத்தனை ஆதாரத்தில் எதை வைத்து முடிவு எழுதுவது? என் கட்சி எளிமையானது. முடிவை ஒரே வரியில், முடிந்தால் எண்ணோடு, முதலில் எழுதிவிடுங்கள். ஆதாரத்தை அதன் பிறகு தேடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையில் கிடைத்த பிரமாதமான ஆதாரத்தை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற முடிவைத் தேடிப் போகிறார்கள்.

## முடிவு எது என்று தெரியாமல் ஆதாரம் எடைபோடுவது

ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் கட்டிய 'சன்ஸ்விஃப்ட் ஈவ்' என்ற சோலார் கார், 2014 ஜூலையில் ஓர் உலக சாதனை படைத்தது. ஒரே சார்ஜில் 500 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். சோலார் கார் என்றாலே இந்தச் சாதனையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஆனால் அந்த ஓட்டத்தின்போது பேனல்கள் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. வண்டியை ஓட்டியது பேட்டரி மட்டும்.

இந்தச் சாதனையில் ஒரு குறையும் இல்லை. முறையாக அளந்தது, அங்கீகரிக்கப்பட்டது. 'எடை குறைவாகவும் காற்றைக் கிழித்துப் போகும் வடிவத்திலும் கட்டினால், ஒரு வண்டிக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும்' என்ற முடிவுக்கு இது முதல் தரமான ஆதாரம். 'சூரிய ஒளியால் கார் 500 கிலோமீட்டர் ஓடும்' என்ற முடிவுக்கு இது ஆதாரமே இல்லை. பலவீனமான ஆதாரம் என்றுகூடச் சொல்ல முடியாது. சூரியன் அந்த ஓட்டத்தில் கலந்துகொள்ளவே இல்லை.

ஆகவே, சோலார் வண்டி பற்றி வழக்கமாகக் குழப்பிக்கொள்ளப்படும் மூன்று முடிவுகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

முதல் முடிவு: சூரிய ஒளியிலிருந்து வரும் மின்சாரத்தால் ஒரு வண்டியை நெடுந்தூரம் ஓட்ட முடியும்.

இரண்டாம் முடிவு: சாதாரணக் காரின் மேல் பதித்த பேனல், அந்தக் காரின் அன்றாட ஓட்டத்தில் கணிசமான பங்கைத் தரும்.

மூன்றாம் முடிவு: பேனலின் அளவையோ சாய்வையோ மாற்றினால் வண்டியின் வேகம் இந்தத் திசையில் மாறும்.

முதலாவது 'முடியுமா' என்ற கேள்வி, இரண்டாவது 'எவ்வளவு', மூன்றாவது 'எதனால்'. ஒன்றுக்குச் செல்லும் ஆதாரம் அடுத்ததற்குச் செல்லாமல் போவது சகஜம்.

## உரசிப் பார்க்க நான்கு கேள்விகள்

எந்த ஆதாரம் கையில் வந்தாலும் நான் கேட்பவை இவை.

அளந்தது எதை? பேனல் உற்பத்தி செய்த மின்சாரத்தையா, பேட்டரிக்குள் போய்ச் சேர்ந்ததையா, அதனால் வண்டி கூடுதலாக ஓடிய தூரத்தையா? மூன்றும் ஒரே தாளில் ஒன்று போலத் தெரியும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கரைந்துவிடும்.

ஒப்பிட ஜோடி உண்டா? பேனல் உள்ள வண்டி இவ்வளவு ஓடியது என்றால், பேனல் இல்லாத அதே வண்டி எவ்வளவு ஓடியது? இந்த ஜோடி இல்லாத எண் பாதி எண்தான்.

எத்தனை தடவை, எத்தனை விதமான நாளில்? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே சீராக வெந்திருந்தால்தான் சரி. வானம் அப்படி வேகாது. மேகமில்லாத ஒரு நாளின் எண் அந்த நாளைப் பற்றி மட்டுமே சொல்லும்.

கடைசியாக, எண் வேறு மாதிரி வந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா? நான்கிலும் இதுதான் கூர்மையான கேள்வி, மக்கள் அதிகம் மறப்பதும் இதுதான். தோற்ற ஓட்டத்தை யாரும் படம் எடுத்து ஊருக்குக் காட்டுவதில்லை.

## 1. தாளில் போடும் கணக்கு

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று இதை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் அது அவசரம். செலவே இல்லாத, ஆனால் கறாரான ஆதாரம் இதுதான்.

காற்று மண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,361 வாட். தெளிந்த வானத்தில், சூரியனுக்கு நேர்முகமாகப் பிடித்த ஒரு சதுர மீட்டருக்குத் தரையில் வந்து சேர்வது ஏறக்குறைய 1,000 வாட். இதை எந்த நிறுவனமும் கூட்ட முடியாது. சாதாரணக் காரின் கூரையில் பேனலுக்கு 2 சதுர மீட்டர் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்று சந்தையில் உள்ள நல்ல சிலிக்கான் பேனல் விழும் ஒளியில் 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். ஆக, உச்சத்தில் 440 வாட்.

வெயில் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எல்லாம் சேர்த்துச் சுருக்கினால், நல்ல நாளில் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகும். 440 வாட்டை 5 மணியால் பெருக்கினால் 2.2 யூனிட் (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் மணி). வெப்பம், தூசி, நிழல், கன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு போனால் மிஞ்சுவது சுமார் 1.5 யூனிட். சாதாரண மின்சாரக் கார் ஒரு கிலோமீட்டருக்கு 150 வாட் மணி அளவில் செலவழிக்கும். 10 கிலோமீட்டர் வருகிறது.

இந்தக் கணக்கின் பலம், அது போடும் எல்லைக்கோடு. சாதாரணக் கார் கூரைப் பேனலில் மட்டும் நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் என்று ஒருவர் சொன்னால், அதற்கு 15 யூனிட் வேண்டும். 2 சதுர மீட்டர் மேல் 5 மணி நேரம் விழும் மொத்த ஒளியே 10 யூனிட்தான். ஒரு துளிகூட வீணாகாத மாயப் பேனலைப் பொருத்தினாலும் போதாது. வண்டியைப் பார்க்காமலே அந்தப் பேச்சை மடித்து வைத்துவிடலாம்.

இதன் பலவீனம், நான் 'வைத்துக்கொள்வோம்' என்று நழுவவிட்ட இடங்களில் இருக்கிறது. 5 மணியை 3 ஆக்கி, இழப்பைக் கொஞ்சம் கூட்டி, வண்டியைக் கொஞ்சம் கனமாக்கினால் 10 கிலோமீட்டர் 5-க்கும் கீழே போய்விடும். எல்லாவற்றையும் சாதகமாக வைத்தால் 15-ஐத் தாண்டும். வெப்பம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும், பேனலின் மேல் அச்சிட்ட வாட் எண் 25 டிகிரி செல்சியஸில் சோதித்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். வெயிலில் நிற்கும் கூரையில், பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் செல் 65 டிகிரியைத் தொட்டால் 12 முதல் 16 சதவீதம் அங்கேயே போச்சு. உச்சி வெயிலில் பேனல் பிரமாதமாக வேலை செய்யும் என்று நினைக்கிறோம். ஒளிக்கு அது உண்மை, சூட்டுக்கு உண்மையில்லை.

ஆகவே தாள் கணக்கு, ஒரு பேச்சு 'நடக்கவே நடக்காது' என்று தள்ளுவதற்குச் செல்லும். 'இவ்வளவு நடக்கும்' என்று கிலோமீட்டர் சுத்தமாகச் சொல்வதற்குச் செல்லாது.

## 2. பந்தயங்களும் நெடும்பயணங்களும்

ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப், லாரி பெர்கின்ஸ் என்ற இருவர் 1982 டிசம்பரில் ஒரு சோலார் வண்டியில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தை விட்டுக் கிளம்பி, 20 நாளுக்குள் சிட்னி போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக 1987-ல் பிறந்ததுதான் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை, சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடும் உலக சோலார் பந்தயம். முதல் பந்தயத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் 'சன்ரேசர்' மணிக்குச் சராசரியாக 67 கிலோமீட்டரில் வென்றது. 2005-ல் நெதர்லாந்து மாணவர்களின் 'நூனா 3' அதை 102.75 ஆக்கியது.

முதல் முடிவுக்கு, அதாவது 'முடியுமா' என்பதற்கு, இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே ஒரு தடவை நடந்தாலும் 'முடியாது' என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். நூறு ஓட்டம் தேவையில்லை. பானையில் ஒரு சோறு போதும் என்பது இங்கே மட்டும் சரிப்படும்.

அப்புறம், தொடக்கத்தில் 'வெயிலை மட்டும் நம்பி' என்று எழுதினேன். அது முழுக்கச் சரியில்லை. பந்தய வண்டிகள் நிரம்பிய பேட்டரியோடுதான் கிளம்புகின்றன. மாலை 5 மணிக்கு ஓட்டம் நின்றதும், குழுவினர் பேனலைக் கழற்றிச் சாயும் சூரியனுக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, மறைகிற வரை சார்ஜ் ஏற்றுகிறார்கள். மெல்லிய ஓட்டுக்குள் ஓட்டுநர் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார், ஏ.சி. கிடையாது, முன்னாலும் பின்னாலும் துணை வண்டிகள். இந்த எண்ணை எடுத்துக் குடும்பக் காருக்குப் பொருத்துவது, ஓட்டப்பந்தய வீரரின் நேரத்தைப் பார்த்துப் பேருந்து அட்டவணை போடுவது மாதிரி.

பந்தயத்தை மூன்றாம் முடிவுக்குப் பயன்படுத்துவது இன்னும் ஆபத்து. 2005-ல் 102.75 ஓடிய அதே அணி 2007-லும் வென்றது, ஆனால் சராசரி வேகம் 90.87-க்கு இறங்கிவிட்டது. தொழில்நுட்பம் பின்னால் போய்விட்டதா? இல்லை. இடையில் விதி மாறி, பேனல் பரப்பு 8 சதுர மீட்டரிலிருந்து 6 ஆகக் குறைந்தது. ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. இரண்டு காரணிகள் ஒன்றாக மாறினால், வேகம் குறைந்ததில் எதற்கு எவ்வளவு பங்கு என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்கவே முடியாது.

2019 பந்தயம் வேறொரு பாடம். முன்னணியில் போன ஒரு வண்டியைப் பலத்த காற்று சாலையிலிருந்து தூக்கி எறிந்தது. அடுத்து முன்னிலைக்கு வந்த இன்னொரு வண்டி கடைசி நாளில் தீப்பிடித்தது. பின்னால் வந்த பெல்ஜிய அணி வென்றது. வென்ற வண்டியின் பேனல்தான் சிறந்தது என்று அந்தப் பட்டியலை வைத்து யாராவது எழுதினால் என்ன சொல்வது?

வானத்திலும் இதே கதைதான். 'சோலார் இம்பல்ஸ் 2' விமானம் 2015 மார்ச்சில் கிளம்பி 2016 ஜூலையில் உலகைச் சுற்றி முடித்தது. பறந்த நேரத்தைக் கூட்டினால் சுமார் 23 நாள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை 505 நாள். இடையில் பேட்டரிகள் அளவுக்கு மீறிச் சூடாகி, ஹவாயில் பல மாதம் நின்றது. 'முடியும்' என்பதற்கு 23 நாள் கணக்குச் செல்லும். 'நம்பி டிக்கெட் போடலாம்' என்பதற்கு 505 நாள் கணக்கைப் பார்க்க வேண்டும்.

## 3. தயாரிப்பாளர் தரும் எண்

விளம்பரத் தாளில் கடினமாக உழைக்கும் சொல் 'வரை'. 'நாளுக்கு 70 கிலோமீட்டர் வரை' என்றால் 7 கிலோமீட்டரும் அதற்குள் அடக்கம். அதற்காக இந்த எண்களைத் தூக்கி எறிய வேண்டாம். அவர்களுடைய எண்ணை வைத்தே அவர்களுடைய எண்ணைச் சோதிக்கலாம், அதுதான் இந்த வகை ஆதாரத்தின் சுவாரசியம்.

நெதர்லாந்தின் 'லைட்இயர் 0' காரை எடுத்துக்கொள்ளுங்கள். 5 சதுர மீட்டர் பேனல், உச்சத்தில் 1.05 கிலோவாட், 60 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜில் 625 கிலோமீட்டர், வெயிலில் நாளுக்கு 70 கிலோமீட்டர் வரை என்றது நிறுவனம். 60 யூனிட்டை 625-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 96 வாட் மணி. 70 கிலோமீட்டருக்கு 6.7 யூனிட் வேண்டும். 1.05 கிலோவாட் பேனல் அதைத் தர, இழப்பே இல்லாமல் 6.4 மணி நேர முழு வெயில் தேவை. ஆக, அந்த எண் பொய் இல்லை. வெயில் மிகுந்த கோடையின் ஓர் அருமையான நாள் அது. ஆண்டின் எல்லா நாளுக்கும் அதை நீட்டினால்தான் பொய்யாகும்.

2022 கடைசியில் தயாரிப்பு தொடங்கி, 2023 ஜனவரியில் நின்றுபோனது இந்த வண்டி. அடுத்த மாதமே ஜெர்மனியின் 'சியான்' சோலார் கார் திட்டமும் கைவிடப்பட்டது. உடனே 'சோலார் கார் வேலைக்கு ஆகாது என்று நிரூபணமாகிவிட்டது' என்று ஒரு கூட்டம். லைட்இயரின் விலை 2,50,000 யூரோ. ஒரு பொருள் விற்காமல் போவதற்கும் அதன் இயற்பியல் தவறு என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. நிறுவனம் மூழ்கியது பணத்தைப் பற்றிய ஆதாரம், ஒளியைப் பற்றியதில்லை.

டொயோட்டாவின் எண்கள் இன்னும் நல்ல பயிற்சி. பேனல் பொருத்திய பிரியஸ் பிளக்-இன் காரில் (பிளக்கில் செருகியும் சார்ஜ் ஏற்றும் ரகம்) 180 வாட், நின்றபடி ஏற்றினால் நாளுக்கு அதிகபட்சம் 6.1 கிலோமீட்டர். 2019-ல் ஷார்ப் நிறுவனத்தோடு சேர்ந்து சோதனைக்கு விட்ட வண்டியில், 34 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட செல்களால் சுமார் 860 வாட். அதில் நின்றபடி 44.5 கிலோமீட்டர், ஓடும்போதும் ஏற்றிக்கொண்டால் 56.3. வாட் 4.8 மடங்கு ஆகியிருக்கிறது. தூரம் 44.5-ஐ எடுத்தாலே 7 மடங்குக்கு மேல். பேனல் மட்டுமே காரணம் என்றால் 6.1-ஐ 4.8-ஆல் பெருக்கி 29 அல்லவா வர வேண்டும்? மிச்சம் பேனலுக்கு வெளியே எங்கிருந்தோ வந்திருக்கிறது. 'பெரிய பேனலால் தூரம் ஏழு மடங்கு கூடியது' என்று எழுதும் மாணவர் ஓர் எண்ணுக்கு மட்டும் காரணம் சொல்லிவிட்டு, இன்னொன்றைப் பாயின் கீழே தள்ளுகிறார்.

ஆண்டுக் கணக்கில் சொல்லும் எண்ணையும் உடைத்துப் பாருங்கள். பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் சொனாட்டா ஹைப்ரிட் காரின் கூரைக்கு ஹூண்டாய் 2019-ல் சொன்னது, தினமும் 6 மணி நேரம் ஏற்றினால் ஆண்டுக்குக் கூடுதலாக 1,300 கிலோமீட்டர். நாளுக்கு மூன்றரை கிலோமீட்டர். இரண்டும் ஒரே எண், ஒன்று மட்டும் பெரிதாகக் கேட்கிறது.

## 4. கட்டுப்பாட்டோடு செய்யும் சோதனை

மாணவர்கள் கையில் உள்ள வலுவான ஆயுதம். மூன்றாம் முடிவுக்கு, அதாவது 'எதனால்' என்ற கேள்விக்கு, இதை விட்டால் வேறு வழியில்லை.

கைக்கு அடக்கமான மாதிரி வண்டி ஒன்றை வெயிலில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். சின்னப் பேனல், எட்டு செல் வரிசையாகக் கோத்தது. விர்ரென்று போய்க்கொண்டிருந்த வண்டியின் மேல் ஒரே ஒரு விரலை நீட்டி ஒரு செல்லை மட்டும் மறைத்தால், எட்டில் ஒரு பங்கு வேகம் குறைய வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வண்டி அப்படியே நின்றுவிட்டது. செல்கள் தொடராக இணைந்திருப்பதால், மறைபட்ட செல் மொத்த வரிசையின் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடித்துவிடுகிறது. பெரிய பேனல்களில், மறைபட்ட செல்லை விட்டு மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் மாற்றுவழி டையோடுகள் இதற்கு உண்டு, மாதிரி வண்டியில் இருப்பதில்லை. ஒரு விரல் நிழலே இப்படிச் செய்தால், ஓட்டத்தைப் படமெடுக்கக் குனிந்தவரின் தலை நிழல் எத்தனை அட்டவணைகளைக் கெடுத்திருக்கும்!

அறைக்குள் விளக்கொளியில் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் கண் ஒளிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும், பேனல் மாற்றிக்கொள்ளாது. நல்ல வெளிச்சமான அறை என்று நாம் நினைப்பது சுமார் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவு.

சரி, இப்படி ஓர் அட்டவணை வந்ததாகக் கற்பனை செய்வோம். 5 மீட்டர் பாதை. பெரிய பேனல் எடுத்த நேரம் 4.1, 4.6, 4.3 விநாடி. சிறிய பேனல் 4.8, 4.4, 5.0. சராசரி 4.33-க்கு 4.73. 'பெரிய பேனல் வேகமானது' என்று எழுதிவிடலாமா? சிறியதின் நல்ல ஓட்டம் பெரியதின் மோசமான ஓட்டத்தை முந்துகிறது. மூன்று ஓட்டத்தில் இந்த அளவு கலப்பு இருந்தால், திசை தெரிகிறது என்று மட்டும் சொல்லலாம். அதோடு, பெரிய பேனலை நண்பகலிலும் சிறியதை மூன்று மணிக்கும் ஓட்டியிருந்தால், அளந்தது பேனலையா சூரியனின் உயரத்தையா என்று யாருக்கும் தெரியாது. பெரிசு, சிறிசு, சிறிசு, பெரிசு என்று மாற்றி மாற்றி ஓட்டினால் சூரியன் நகர்வது இரண்டுக்கும் பொதுவாகிவிடும். பாதையைத் திருப்பிப் போட்டும் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு பல 'கண்டுபிடிப்பு'களுக்குத் தந்தை.

இது செல்லாமல் போகும் இடம், வண்டியின் அளவு மாறும்போது. பேனல் பெரிதானால் எடையும் கூடும். மாதிரி வண்டியில் எடை ஆளும், நெடுஞ்சாலையில் போகும் பெரிய காரில் காற்றுத் தடை ஆளும். 5 மீட்டர் பாதையின் முடிவை அப்படியே நெடுஞ்சாலைக்கு ஏற்ற முடியாது.

## 5. நீண்ட நாள் பதிவு

இரண்டாம் முடிவுக்கு, 'எவ்வளவு' என்பதற்கு, என் வாக்கு இதற்குத்தான். ஓர் ஆண்டு முழுக்க, மழை நாள், மேக நாள், வண்டி எடுக்காத நாள் எல்லாம் சேர்த்து எழுதிய பதிவு. வெயில் நாளை மட்டும் பொறுக்கி எடுக்க இதில் வழியில்லை. வண்டியோடு சேர்த்துக் கதிர்வீச்சு அளவும் பதிவாகியிருந்தால், குறைந்தது பேனலாலா வானத்தாலா என்றும் பிரிக்கலாம்.

ஆனால் இதுவும் வழுக்கும். பேட்டரி நிரம்பியிருக்கும் நாளில் பேனல் தர வருவதை வாங்க இடமில்லை. அன்று பதிவில் பூஜ்யம் விழும். பேனலில் குறை இல்லை, வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் வெயிலில் நிறுத்தியதுதான் காரணம். ஏற்றுவதை நிர்வகிக்க வண்டியின் கணினிப் பெட்டி விழித்திருக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் குடிக்கும். மங்கலான நாளில் வருவதும் குடிப்பதும் கிட்டத்தட்டச் சமமாகலாம்.

மனிதரும் மாறிவிடுகிறார். கூரையில் பேனல் இருக்கிறது என்று தெரிந்தவர் மர நிழலை விட்டுவிட்டு வெயிலில் நிறுத்துவார். திரும்பி வரும்போது உள்ளே அடுப்பு. ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது ஒரு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கலாம், 440 வாட் பேனல் தருவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பேனல் தந்ததை மட்டும் எழுதி, குளிரூட்டியது எடுத்ததை எழுதாத பதிவு ஒரு பக்கக் கணக்கு. அதனால்தான் அருகில் பேனல் இல்லாத அதே ரக வண்டி ஒன்றும் ஓட வேண்டும், இரண்டும் பிளக்கிலிருந்து எடுத்த யூனிட்டை ஒப்பிட வேண்டும். அப்படிப்பட்ட ஜோடிப் பதிவு அபூர்வம்.

தனி ஒருவர் சொல்லும் அனுபவம் இதன் கிழிந்த ஒரு பக்கம் மாதிரி. எந்த மாதம், எங்கே நிறுத்தினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி எழுப்ப உதவும், விடை எழுத உதவாது.

## ஒரே பார்வையில்

| ஆதாரம் | எதற்குச் செல்லும் | எதற்குச் செல்லாது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| தாள் கணக்கு | நடக்க முடியாததைத் தள்ள | துல்லியமான தினசரி தூரம் | ஊகங்கள் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் |
| பந்தயம், பயணம் | 'முடியும்' என்று காட்ட | குடும்பக் கார், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீடு | விதி, விபத்து, துணைக் குழு |
| தயாரிப்பாளர் எண் | மேல் எல்லை அறிய | சராசரி நாள் | 'வரை', சாதகமான சூழல் |
| கட்டுப்பாட்டுச் சோதனை | காரணம் பிரிக்க | அளவு மாறும்போது | பல ஓட்டம், பொறுமை |
| நீண்ட பதிவு | 'எவ்வளவு' என்று சொல்ல | காரணத்தைத் தனியே பிரிக்க | ஓர் ஆண்டு, ஜோடி வண்டி |

## எப்போது எதை எடுப்பது

கையில் ஒரு மாலைதான் இருக்கிறது, யாரோ பெரிய எண் ஒன்றைச் சொல்லிவிட்டார் என்றால் தாள் கணக்கு. பரப்பு, திறன், வெயில் மணி, வண்டியின் செலவு என்ற நான்கு எண் போதும்.

இரண்டு வாரத்தில் கட்டுரை தர வேண்டிய மாணவர், ஆண்டுப் பதிவைத் தேடி அலைவதைவிட மாதிரி வண்டிச் சோதனையை எடுப்பது நல்லது. முடிவை மட்டும் அடக்கமாக எழுத வேண்டும். 'சோலார் கார்கள் பெரிய பேனலில் வேகமாக ஓடும்' என்பதைவிட, 'இந்த வண்டியில், நண்பகலை ஒட்டிய ஒரு மணி நேரத்துக்குள் மாற்றி மாற்றி ஓட்டிய 20 ஓட்டத்தில் இத்தனை முறை பெரிய பேனல் முந்தியது' என்ற வரி சின்னதாகத் தெரியும். ஆனால் அதை யாரும் அசைக்க முடியாது. பந்தயச் சாதனையை முன்னுரையில் வைத்துக்கொள்ளலாம், முடிவுரைக்குள் விட வேண்டாம்.

வண்டி வாங்க நினைப்பவருக்கு, தயாரிப்பாளர் எண்ணைத் தாள் கணக்கால் ஒருமுறை உரசிவிட்டு, ஆண்டுப் பதிவு கிடைத்தால் அதை நம்புங்கள் என்பேன். கிடைக்காவிட்டால் 'வரை' என்ற எண்ணில் பாதிக்கும் கீழே வைத்துக் கணக்குப் போடலாம். இது என் கைக்கணக்கு, அறிவியல் விதி இல்லை. நாளுக்கு 10 கிலோமீட்டருக்குள் ஓட்டி, பகலெல்லாம் திறந்த வெளியில் நிறுத்துபவருக்குக் கூரைப் பேனல் நன்றாகவே உதவக்கூடும். அதே பேனலைக் கட்டடத்தின் மேல் சரியான சாய்வில் பதித்தால் வண்டிக் கூரையைவிட அதிகம் தரும் என்பதையும் ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேனல் உள்ள கார், இல்லாத கார் என்ற இரண்டு தேர்வு மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

காலையில் நிலவறை நிறுத்துமிடத்தில் இறக்கிவிட்டு இருட்டிய பிறகு எடுப்பவருக்கு ஐந்து ஆதாரமும் வேண்டாம், கடிகாரம் ஒன்று போதும்.